கொழா ஸ்பீக்கர்ல கேக்காத சத்தம்

ஆடி பொறந்துட்டா எங்க பக்கத்துல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஏதாவது ஒரு ஊர்ல கூழ் ஊத்துவாங்க. முந்தின நாள் சாயங்காலமே ரேடியோ செட்டுக்காரர் வந்து புளியமரத்துல ரெண்டு, கம்பத்துல ரெண்டுன்னு கொழா ஸ்பீக்கரைக் கட்டிடுவார். விடியக்காலைல அம்மன் பாட்டு, வெயில் ஏறினதும் சினிமாப் பாட்டு. நான் பாட்டு கேட்டு வளர்ந்தது அந்தக் கொழாயிலதான்.

அந்தக் கொழாய்க்கு ஒரு குணம். ரெண்டு மைலுக்கு அப்பால ஏர் ஓட்டறவனுக்கும் பாட்டு கேக்கும், ஆனா பாட்டோட அடிச்சத்தம் மட்டும் வராது. தாழ்ந்த ஸ்வரத்தோட அலை நீளமானது. பேஸ் கிட்டாரோட ரொம்பத் தடிச்ச கம்பி விநாடிக்கு 41 தடவைதான் அதிரும். அந்த அலை எட்டு மீட்டருக்கு மேல நீளம். அதை வெளிய தள்ள அந்தச் சின்ன கூம்பால முடியாது. குரல் வரும், வயலின் வரும், புல்லாங்குழல் வரும். கீழ இருந்து தாங்கறது வராது. இப்ப நம்ம கையில இருக்கற செல்போன் ஸ்பீக்கரும் அதே கதிதான்.

நாப்பத்தி மூணு வயசுல, பையனோட ஹெட்போனை வாங்கி மாட்டிக்கினு கொல்லியில மாடு மேய்ச்ச ஒரு நாள்தான் எனக்கு அது தெரிஞ்சுது. 1982ல வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துல வர அந்த நிலாப் பாட்டு. ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. கிட்டார் எனக்கு மனப்பாடம். ஆனா அதுக்குக் கீழ இன்னொரு ஆள் இன்னொரு பாட்டு பாடிக்கினு போறான்! மேல குரல் நீட்டி நிக்கிற இடத்துல இவன் நடக்கிறான், குரல் நடக்கிற இடத்துல இவன் நிக்கிறான். மாடு பக்கத்து வெள்ளாமையில வாய் வெச்சதைக்கூட நான் பாக்கல. அதுக்கு வாங்கின திட்டு தனி.

அப்புறம் விசாரிச்சேன். இளையராஜா பாட்டுகள்ல பல வருஷம் பேஸ் கிட்டார் வாசிச்சவர் பேர் சசிதரன். லைனை எழுதிக் கொடுக்கறது ராஜா, விரல் இவரோடது. ரஹ்மான் பாட்டுகளுக்கு வாசிச்ச கீத் பீட்டர்ஸும் நம்ம சென்னைக்காரர்தான். பாடினவங்க பேரு பொட்டிக்கடை வரைக்கும் தெரியும், இவங்க பேரு யாருக்குத் தெரியும்? வெளிநாட்லயும் இதே நிலவரம்தான் போல. டெட்ராய்ட்ல மோட்டவுன் கம்பெனிக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன்னு ஒருத்தர், வலது கை ஆள்காட்டி விரல் ஒண்ணாலயே அத்தனை ஹிட்டுக்கும் பேஸ் வாசிச்சவர். 1971 வரைக்கும் அவர் பேரை அந்த ரெக்கார்டு அட்டைகள்ல போடவே இல்லையாம்.

அந்த வருஷம் வேர்க்கடலை வித்த பணத்துல ஒரு பழைய பேஸ் கிட்டாரும் சின்ன ஆம்ப்பும் வாங்கினேன். வீட்ல, "மாட்டுக்குத் தவிடு வாங்கக் காசு இல்லன்னுகினு இருந்தியே, இது மட்டும் எங்கேர்ந்து வந்துது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல.

கத்துக் கொடுத்தது அரக்கோணத்துல ஒரு சார். ரயில்வேல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், சர்ச்சுல வாசிக்கறவர். அரக்கோணம் ரயிலால வளர்ந்த ஊர். 1856ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் போட்ட, தென்னாட்டோட முதல் பயணிகள் ரயில் பாதை எங்க வழியாத்தான் போச்சு. அதோட ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வந்து குடியேறினாங்க. கிட்டாரும் பியானோவும் கூட வந்துது. பத்து மைல்ல திருத்தணி மலையில காவடிச்சிந்து, இங்க ரயில்வே குவார்ட்டர்ஸ்ல கிட்டாரு. எங்க காதுக்கு ரெண்டும் பழக்கம்.

முதல் நாளே நான் அந்த நிலாப் பாட்டோட பேஸைச் சொல்லிக் குடுங்க சார்னு கேட்டேன். அவர் சிரிக்கல. "தம்பி, அது எழுதின லைன். ஒருத்தர் உக்காந்து யோசிச்சு எழுதினது. 1986ல தியாகராஜருக்கும் பாக்ஹுக்கும் சேத்து ஒரு ஆல்பம் போட்டாரே, அந்த மனுஷனோட மூளை. அதை மனப்பாடம் பண்ணா உனக்கு ஒரு பாட்டு வரும். அடுத்த பாட்டுக்கு மறுபடியும் என்கிட்ட வருவ. முதல்ல ஷேப்பைப் பிடி"ன்னார்.

ஷேப்புன்னா என்னன்னு எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். பேஸ் கிட்டார்ல நாலு கம்பி. தடிச்சதுல இருந்து ஈ, ஏ, டி, ஜி. ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் எப்பவும் ஒரே இடைவெளி. ச-வுக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள தூரம். இது எல்லாக் கம்பிக்கும் சமமா இருக்கறதாலதான் விஷயமே நடக்குது. ஒரு இடத்துல கத்துக்கின விரல் அமைப்பு, எங்க கொண்டு போய் வெச்சாலும் அதே உறவைக் குடுக்கும்.

மேஜர் கார்டுன்னா ச, அந்தர காந்தாரம், ப. மூணே ஸ்வரம். தடிச்ச கம்பியில மூணாவது ஃப்ரெட்டுல (வீணையில மெட்டுன்னு சொல்றோமே, அது) நடுவிரலை வெச்சா அது ஜி. அதுதான் நம்ம ச. அடுத்த கம்பியில ஒரு ஃப்ரெட் பின்னாடி ஆள்காட்டி விரல் விழற இடம் காந்தாரம். அதே கம்பியில சுண்டுவிரல் எட்டற அஞ்சாவது ஃப்ரெட், பஞ்சமம். அதுக்கு அடுத்த கம்பியில அதே அஞ்சாவது ஃப்ரெட், மேல் ஸ்தாயி ச. கையை நகத்தவே வேணாம், நாலு விரலுக்குள்ள ஒரு கார்டு மொத்தமும் உக்காந்திருக்கு. ரெண்டு ஃப்ரெட் தள்ளிக் கையை வெச்சா அதே ஷேப் ஏ மேஜர். பாட்டுக்காரங்க பாஷையில சொன்னா அஞ்சு கட்டையில இருந்து ஆறு கட்டைக்குப் போயாச்சு.

மைனருக்கு ச-வை ஆள்காட்டி விரலால பிடிக்கணும். காந்தாரம் அரை ஸ்வரம் இறங்கி சாதாரண காந்தாரம் ஆயிடும். அது அதே கம்பியில மூணு ஃப்ரெட் தள்ளி சுண்டுவிரல் கிட்ட இருக்கும். ப-வும் மேல் ச-வும் மோதிர விரலுக்கு. ஒரே ஒரு ஸ்வரம் மாறினதுக்கு மொத்தக் கையும் வேற மாதிரி நிக்குது. சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒரு ஃப்ரெட்தான் வித்தியாசம்னு ஒரு நாள் நான் பெருசா கண்டுபிடிச்சவன் மாதிரி சொன்னேன். சார், "அதெல்லாம் அப்புறம், சுண்டுவிரலை மடக்காத"ன்னார்.

ரெண்டு மாசம் இது மட்டும்தான். சி, ஏ மைனர், எஃப், ஜி. நாலு கார்டு, ஒவ்வொண்ணுக்கும் நாலு அடி. முதல்ல நாலு அடிக்கும் ச மட்டும். அப்புறம் ச-வும் ப-வும். அப்புறம் ச, ப, மேல் ச, ப. இது மேஜருக்கும் ஒத்துக்கும் மைனருக்கும் ஒத்துக்கும், ஏன்னா காந்தாரம் இதுல கிடையாது. கார்டு மேஜரா மைனரான்னு தெரியாம முழிக்கிற நேரத்துல தப்பிக்க இதைவிட நல்ல வழி இல்ல. அதுக்கப்புறம்தான் காந்தாரம், தைவதம் எல்லாம் நடுவுல சேத்து நடக்க விட்டார்.

ஒரு கார்டுல இருந்து இன்னொண்ணுக்குப் போறதுக்கு அவர் ரயில்வே கணக்குதான் சொல்லுவார். "கார்டு ஒரு ஸ்டேஷன். முதல் அடி விழறப்ப நீ பிளாட்பாரத்துல நிக்கணும். அந்த ஸ்டேஷனோட ச-வை வாசி. நடுவுல எந்த லைன்ல போறன்றது உன் இஷ்டம், ஆனா வர நேரம் மாறக் கூடாது." சி-யில இருந்து ஏ மைனருக்கு நேரா குதிக்கலாம். இல்ல நடுவுல ஒரு பி வெச்சு, ச நி த-ன்னு படி மாதிரி இறங்கலாம். எஃப்-ல இருந்து ஜி-க்குப் போறப்ப நடுவுல இருக்கற அரை ஸ்வரத்தைத் தொட்டுட்டுப் போனா, கேக்கறவனுக்கு ஏதோ வரப் போகுதுன்னு தெரியும். தப்பான ஸ்வரம்தான் அது. ஆனா சரியான ஸ்வரத்துக்கு ஒரு அடி முன்னாடி இருக்கற தப்பு.

நான் சாதகம் பண்ணது மோட்டார் ரூம்ல. மும்முனை கரண்டு ராத்திரி எப்ப வருதோ அப்ப போய் மோட்டார் போட்டு மடை மாத்தணும். அந்த நேரத்துல வேற என்ன வேலை. ஒரு வேடிக்கை சொல்றேன். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். மோட்டாரோட உறுமல் அதுக்கு ரெட்டிப்பு, 100. பேஸ் கிட்டார்ல டி கம்பியோட அஞ்சாவது ஃப்ரெட், அதாவது ஜி, 98. கிட்டத்தட்ட அஞ்சு கட்டை சுருதி, துளி ஏத்தம். சுருதிப் பெட்டி வாங்காமலே அரசாங்கம் இலவசமா ஒண்ணு குடுத்திருக்கு. கம்பியைத் துளி முறுக்கி அந்த உறுமலோட சேத்துட்டா, ஜி மேஜர் ஷேப்புல வாசிக்கிறப்ப சுவரே கூட வாசிக்கும்.

இனிமே சொல்றதைச் சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எங்க ஊர்ல படிக்கிறவங்களுக்கு எப்படியும் தெரியும்.

அந்தக் கிணறு எனக்கும் என் தம்பிக்கும் பொது. நைனா போனதுக்கு அப்புறம் நிலம் பிரிஞ்சுது, கிணத்தைப் பிரிக்க முடியல. ஆளுக்கு ஒரு நாள் முறை. நாலு வருஷம் முன்னாடி கோடையில கிணத்துல தண்ணி ஒரு மணி நேரத்துக்குக்கூட நிக்கல. எனக்கு நெல்லு பால் பிடிக்கிற சமயம், அவனுக்கு வேர்க்கடலை காய் பிடிக்கிற சமயம். என் முறை முடிஞ்சும் நான் மோட்டாரை நிறுத்தல. ஒரு ராத்திரி இல்ல, மூணு ராத்திரி. அவன் வந்து பாத்தப்ப கிணறு வத்திக் கிடந்துது. அவன் காட்ல பாதிக் காய் பொக்கு. அவன் சண்டை போடல, பஞ்சாயத்துக்கும் போகல. பேசறதை நிறுத்திட்டான். நானும் போய்க் கேக்கல. வீட்டுப் பொம்பளைங்க பேசிக்குவாங்க, பசங்க ஒண்ணா வெளையாடும், நாங்க ரெண்டு பேரும் வரப்புல எதிரெதிரா வந்தா ஒருத்தர் கழனியில இறங்கிடுவோம்.

அவன் சின்ன வயசுலேர்ந்தே தாளக்காரன். பம்பைக்காரங்க பின்னாடியே சுத்தினவன். இப்ப நம்ம பக்கத்து இன்னிசைக் குழு ஒண்ணுல ட்ரம்ஸ் வாசிக்கிறான். அந்தக் குழுவுல பேஸுக்குன்னு ஆள் கிடையாது. கீபோர்டுக்காரர் இடது கையால ஒப்பேத்துவார். சின்னக் குழுக்கள் எல்லாத்துலயும் அப்படித்தான். நான் கத்துக்கறது தெரிஞ்சு குழு நடத்தறவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்துட்டார், இந்த ஆடிக்கு வாசிக்கறியான்னு. தம்பி இருக்கானேன்னேன். "அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் வரேன். வரட்டும்னு மட்டும் சொன்னான்"ன்னார்.

முதல் ஒத்திகை ஒரு குடோன்ல. தம்பி எனக்கு முன்னாடியே வந்து ட்ரம்ஸை மாட்டிக்கினு இருந்தான். நிமிரல. நான் ரெண்டு வருஷம் கத்துக்கினதை எல்லாம் முதல் பாட்டுலயே கொட்டிட்டேன். ச, காந்தாரம், ப, தைவதம், மேல் ச, ஏறு, இறங்கு. ஷேப்புல எத்தனை ஸ்வரம் இருக்கோ அத்தனையும். எனக்கு ரொம்பத் திருப்தி. பல்லவி முடியறதுக்குள்ள அவன் வாசிக்கறதை நிறுத்திட்டான். என்னைப் பாக்கல, குழு நடத்தறவரைப் பாத்து சொன்னான்: "அவரைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி வாசிக்கச் சொல்லு. என் காலு எங்க விழுதுன்னு எனக்கே கேக்கல."

காலுன்னா, காலால மிதிச்சு அடிக்கிற பெரிய ட்ரம். கிக்குன்னு சொல்லுவாங்க.

வண்டியை நேரா அரக்கோணத்துக்கு விட்டேன். சார்கிட்ட சொன்னப்ப நான் எதிர்பாத்தது, அவனுக்கு என் மேல கோவம் சார், அதான் அப்படிச் சொல்றான்னு நான் சொன்னா அவர் ஆமாம்பார்னு. அவர் என்னை ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "உன் தம்பி சொன்னது சரி"ன்னார். "ஸ்வரத்தை எங்க ஆரம்பிக்கணும்னு உனக்குத் தெரியுது. எங்க நிறுத்தணும்னு நான் சொல்லித் தரவே இல்ல, என் தப்பு. அடிச்ச கம்பி தானா நிக்காது தம்பி, அது பாட்டுக்கு ஓடிக்கினேதான் இருக்கும். நீதான் இடது கையைத் துளி தூக்கி நிறுத்தணும். அடுத்தவன் இடத்துக்கு முன்னாடி."

அவருக்கு கிணத்து விஷயம் தெரியாது. நான் சொன்னதும் இல்ல.

அப்புறம் ஒரு மாசம் வேற சாதகம். விரலை ஃப்ரெட்டுல இருந்து எடுக்காம, அழுத்தத்தை மட்டும் விடறது. கம்பி 'டும்'முன்னு நின்னுடும். நாலு அடியில ஒண்ணாம் அடிக்கு ச, அரை அடியோட நிறுத்து. மூணாம் அடிக்கு முன்னாடி பொறுத்து, மறுபடி ச, இல்லன்னா ப. மீதி இடம் காலி. கையில பத்து ஸ்வரம் தயாரா இருக்கறப்ப ஒண்ணை மட்டும் வாசிச்சுட்டு சும்மா நிக்கறது, கத்துக்கறதைவிடக் கஷ்டம். ஒத்திகையில தம்பியோட வலது முழங்காலையே பாத்துக்கினு இருந்தேன். முழங்கால் இறங்கறப்ப என் விரல் இறங்கணும். முகத்தைப் பாக்க வேண்டிய அவசியம் இல்லாதது ரெண்டு பேருக்கும் வசதியாத்தான் இருந்துது. மூணாவது ஒத்திகையில ஒரு இடத்துல ரெண்டும் சேந்து விழுந்துது. ரெண்டு சத்தமா இல்ல, ஒரே சத்தமா. குடோன் தகரக் கதவு அதிர்ந்துது. கீபோர்டுக்காரர் திரும்பிப் பாத்தார்.

கூழ் ஊத்தின அன்னிக்கு ராத்திரி எங்க ஊர் அம்மன் கோயில் முன்னாடி கச்சேரி. இப்பல்லாம் மேடைக்கு ரெண்டு பக்கமும் பெரிய பெட்டி வெக்கிறாங்க. கொழாயெல்லாம் மரத்தோட சரி. ஏழெட்டுப் பாட்டு ஒழுங்காப் போச்சு. அப்புறம் விழாக் கமிட்டியில ஒருத்தர் சீட்டு எழுதி அனுப்பினார், இந்தப் பாட்டைப் பாடச் சொல்லி. ஒத்திகை பாக்காத பாட்டு. பாடற அம்மா, "நாலு கட்டையில எடுக்காதீங்க, எனக்குக் கீழ எட்டாது, நாலரைல போங்க"ன்னு கீபோர்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு மைக்கைத் தூக்கிட்டாங்க.

ரெண்டு வருஷம் முன்னாடின்னா ஆம்ப் ரிப்பேர்னு சொல்லி இறங்கியிருப்பேன். இப்ப கீபோர்டுக்காரரோட இடது கையை மட்டும் பாத்தேன். எந்தக் கட்டையை அமுக்கறார்னு தெரிஞ்சாப் போதும், அதுதான் ச. ஷேப்பைக் கொண்டு போய் அங்க வெச்சேன். நாலரைக் கட்டைன்னா எல்லாமே ஒரு ஃப்ரெட் தள்ளி, அவ்வளவுதான். சும்மா விட்ட கம்பியை நம்பி வாசிச்சிருந்தா மாட்டியிருப்பேன். மேஜரா மைனரான்னு சந்தேகம் வந்த ரெண்டு இடத்துல ச-வும் ப-வும் மட்டும் வாசிச்சுத் தப்பிச்சேன். சரணத்துக்குப் போற இடம் எனக்குத் தெரியல. தம்பி பக்கம் திரும்பினேன், முழங்காலுக்கு இல்ல, முகத்துக்கு. அவன் என்னைத்தான் பாத்துக்கினு இருந்தான். தலையைத் துளி அசைச்சான். ஒண்ணாம் அடி. விழுந்தோம்.

அந்தச் சரணத்துல ஒரு இடத்துல, இறங்கி வரதுக்கு வழி இருக்குன்னு தோணுச்சு. ஒரே ஒரு நடு ஸ்வரம் வெச்சு, படி மாதிரி இறங்கினேன். அதைத் தவிர அந்தப் பாட்டு முழுக்க நான் ஒண்ணும் பெருசா வாசிக்கல. பொம்பளைங்க பக்கத்துல என் பெரியம்மா, "இன்னாடா இது, நெஞ்சுல வந்து இடிக்குது"ன்னு காதைப் பொத்தாம நெஞ்சைப் பிடிச்சுக்கினு உக்காந்திருந்தாங்களாம். மறுநாள் சொன்னாங்க.

கச்சேரி முடிய ஒரு மணி ஆயிடுச்சு. எல்லாரும் ஒயரைச் சுத்திக்கினு இருந்தோம். தம்பி ட்ரம்ஸைப் பையில போட்டுக் கட்டிட்டு வந்து என் ஆம்ப் பக்கத்துல நின்னான்.

"அந்தச் சீட்டுப் பாட்டுல, சரணத்துல எறங்கி வந்தியே. இன்னா அது?"

நாலு வருஷத்துல என்கிட்ட நேரா பேசின முதல் பேச்சு. எனக்கு சட்டுனு வாய் வரல. கிட்டாரை மறுபடியும் பையில இருந்து எடுத்து, ஆம்ப் இல்லாம, மூணு ஸ்வரத்தையும் விரல்ல காட்டினேன்.

பாத்தான். வலது காலை மண்ணுல ரெண்டு தடவை தட்டினான்.

"அங்க நான் காலை எடுத்துடறேன். நீ மட்டும் தனியா எறங்கு. கடைசி சுரத்துக்கு நான் வந்து சேந்துக்கறேன்."

சரின்னேன். அவன் ஆம்ப்பைத் தூக்கி அவன் டிவிஎஸ் வண்டி முன்னாடி வெச்சுக்கினு கிளம்பிட்டான். காலைல எழுந்து பாத்தா அது எங்க வீட்டுத் திண்ணைமேல இருந்துது.

வர ஞாயித்துக்கிழமை தக்கோலம் பக்கத்துல ஒரு ஊர்ல கச்சேரி. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒத்திகை. அன்னிக்குக் கிணத்துல அவன் முறை. ஒத்திகையை ஒன்பது மணிக்கு முன்னாடி முடிச்சுடணும்னு குழு நடத்தறவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.